ஆஞ்ஜ் குழுவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

எழுபதுகளின் ஆங்கில ரொக் குழுக்களைத் தேடிப்பிடித்துக் கேட்கிற பிள்ளைகள் இன்று மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். பிங்க் ஃப்ளொய்ட் தெரியும், ஜெனிசிஸ் தெரியும். அவர்களுக்கு ஆஞ்ஜ் என்ற பிரெஞ்சுக் குழுவையும் அறிமுகப்படுத்தவே இதை எழுதுகிறோம். காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் பார்த்துப் பழகிய காதுகளுக்கு இந்தக் குழு இங்கிலாந்துக் குழுக்களைவிடச் சீக்கிரம் பிடிபடும் என்று உறுதியாக நம்புகிறோம். ஆனால் தொடங்குகிற இடம் சரியாக அமைய வேண்டும். கைக்குக் கிடைத்த பாட்டில் தொடங்கினால், யாரோ ஒருவர் கத்துகிறார், பின்னால் ஓர்கன் முழங்குகிறது என்பதற்குமேல் ஒன்றும் மனதில் தங்காது.

கிழக்குப் பிரான்ஸின் பெல்போர் நகரில் 1969இல் உருவான குழு இது. அண்ணன் கிறிஸ்தியான் தெகாம் பாட்டு. தம்பி பிரான்சிஸ் தெகாம் ஓர்கன். கிட்டார் ஜான்-மிஷேல் பிரெஸோவார், பேஸ் தானியேல் ஹாஸ், ட்ரம்ஸ் ஜெரார் ஜெல்ஷ். இந்த ஐவரும் சேர்ந்து செய்தவை முதல் மூன்று அல்பங்கள்: 1972இல் ‘கரிக்காத்யூர்’, 1973இல் ‘லெ சிமெத்தியேர் தெ ஆர்லெக்கேன்’, 1974இல் ‘ஓ-தெலா தியு தெலீர்’. அதன்பின் ஜெல்ஷ் விலகினார். 1975இல் ‘எமில் ஜாக்கொத்தே’, 1976இல் ‘பார் லெ ஃபீஸ் த மாந்த்ரேன்’, 1977இல் மேடைப் பதிவான ‘தோம் சீஸ்’, 1978இல் ‘கெத்தாப்பான்’. குழுவை அறிந்துகொள்ள இந்த ஏழும் போதும். 1973இல் இங்கிலாந்தின் ரெடிங் விழா மேடையிலும் ஏறினார்கள். ஆங்கிலம் கேட்கும் கூட்டத்தின் முன்னால் நின்றாலும் அவர்களுடைய பாட்டின் மொழி பிரெஞ்சுதான்.

தேடும்போதே பலர் வழி தவறிவிடுவார்கள். குழுவின் பெயரை ஏ, என், ஜி, ஈ என்று நான்கே ஆங்கில எழுத்தில் தட்டினால், அதே பெயரையோ அதையொத்த பெயரையோ வைத்திருக்கும் வேறு பாடகர்கள் வந்து நிற்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் டி, ஈ, சி, ஏ, எம், பி, எஸ் என்று தெகாம் குடும்பப் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள். கிடைத்ததும் ‘சிறந்த பாடல்கள்’ என்ற தொகுப்பைத் தொடாமல், ஆண்டைச் சரிபார்த்து முழு அல்பத்தை எடுங்கள். ஒரே பாட்டின் ஸ்டூடியோ வடிவம், மேடை வடிவம், பிற்காலத்து மறுபதிவு மூன்றும் கலந்து கிடப்பதுண்டு. எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டால் குரல் ஏன் இப்படி மாறுகிறது என்று குழம்புவோம்.

மொழி தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. காமன் கூத்து ஆடும் பொட்டலில் தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே ரதி பாடும்போது ஒவ்வொரு சொல்லுமா நமக்குக் கேட்கிறது? நிற்கிற நிலையையும் குரல் உடைகிற இடத்தையும் வைத்து, ஒப்பாரி தொடங்கிவிட்டது என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கிவிடுகிறது. கிறிஸ்தியான் தெகாம் பாடுவதும் அந்த வகைதான். ஒரே பாட்டுக்குள் கதை சொல்பவராகத் தணிந்து பேசுவார், கோமாளியாகக் கீச்சிடுவார், பிரசங்கியாக எழுந்து முழங்குவார். மேடையில் வேடமும் முகப்பூச்சும் உண்டு. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே கதையும் உண்டு. இசைத்தட்டில் வேடம் தெரியாது. அந்த வேலையையும் குரலே பார்த்துக்கொள்கிறது.

இதை ஒரே பாட்டில் உணர வேண்டுமானால் 1973 அல்பத்தின் முதல் பாட்டைக் கேளுங்கள். பெல்ஜியப் பாடகர் ஜாக் பிரெல் பாடிய ‘செ ஜான்-லா’வை ஆஞ்ஜ் தன் பாணியில் எடுத்துப் பாடியிருக்கிறது. ஒருவர் எதிரில் இருக்கும் ‘ஐயா’விடம் ஒரு குடும்பத்தை ஒவ்வொருவராகச் சுட்டிக்காட்டிப் பேசுகிறார். முதலில் குடிகார மூத்த மகன், பிறகு மற்றவர்கள். ஆறிப்போன சூப்பை உறிஞ்சும் சத்தமும் உண்டு. திடீரென்று அந்த வீட்டில் தான் விரும்பும் பிரீதா என்ற பெண்ணின் பெயர் வாயில் வந்ததும் அவருடைய ஏளனமெல்லாம் உடைந்துபோகிறது. இவ்வளவும் தெரிந்தால் போதும். முதலில் பிரெல் பாடியதையும், உடனே அதன் பின்னால் ஆஞ்ஜ் பாடியதையும் போட்டுக் கேளுங்கள். பிரெலின் ஏளனமும் ஏக்கமும் ஆஞ்ஜில் ஓர்கனும் ட்ரம்ஸும் சேர்ந்து எப்படி வீங்குகின்றன, எந்த இடத்தில் பாடுபவர் பேசுபவராக மாறுகிறார் என்பதைக் காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இனி அந்த ஓர்கனைப் பற்றிக் கொஞ்சம். ஆஞ்ஜ் பாட்டுகளின் பின்னணியில் நரம்பிசைக் கூட்டம்போல ஒரு மங்கிய, நடுங்கும் ஒலி எழும்பிக்கொண்டே இருக்கும். அதை மெலொட்ரோன் என்ற கீபோர்டின் ஒலி என்று எண்ணி ஏமாறுபவர்கள் பலர். அது பிரான்சிஸ் தெகாம் வாசித்த வைக்கவுண்ட் ஓர்கன். அதன் ஒலியை எதிரொலிப் பெட்டி வழியாகச் செலுத்தி அந்த நிறத்தைப் பெற்றார். வித்தியாசத்தைக் காதாலேயே சோதிக்கலாம். மெலொட்ரோனில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒலி பதிந்த ஒரு காந்த நாடாத் துண்டு இருக்கிறது. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். எட்டு வினாடி அளவில் அது முடிந்துவிடும், ஒலியும் நின்றுவிடும். ஆகவே வாசிப்பவர் அதற்குள் விரலை எடுத்து மறுபடி அழுத்தியாக வேண்டும். ஓர்கனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. விரல் இருக்கும்வரை ஒலி இருக்கும். இடைவெளியோ புதுத் தொடக்கமோ இல்லாமல் ஒரு கோர்ட் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து நின்றால், கேட்பது மெலொட்ரோன் அல்ல. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆஞ்ஜையும், மெலொட்ரோன் வாசித்த ஆங்கிலக் குழுக்களையும் மாறி மாறிக் கேட்டுப் பாருங்கள். விலை கூடிய கருவி இல்லாமலே ஒரு குழு தனக்கென்று ஓர் ஒலியை உண்டாக்கிக்கொள்ள முடிந்திருக்கிறது. கோயில் மண்டபத்தில் பழைய கீபோர்டை வைத்துப் பயிலும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எந்த அல்பத்தில் தொடங்குவது? 1974ஆம் ஆண்டு ‘ஓ-தெலா தியு தெலீர்’தான் உச்சம் என்பார்கள், எங்களுக்கும் அதில் மறுப்பில்லை. ஆனாலும் மலையக வாசகர்களுக்கு 1975ஆம் ஆண்டு ‘எமில் ஜாக்கொத்தே’யையே முதலில் சிபாரிசு செய்கிறோம். எமில் ஜாக்கொத்தே கற்பனைப் பாத்திரம் அல்ல. பெல்போருக்கு அயலில் உள்ள ஓத்-சோன் பகுதியில் வாழ்ந்த முதியவர். குதிரைக்கு லாடம் அடிக்கிற கொல்லர். அந்த வட்டாரத்துப் பழங்கதைகளை வாய்மொழியாக அறிந்தவர். ஆஞ்ஜ் குழுவினர் அவர் கதை சொல்வதைப் பதிவுசெய்து, அந்தக் குரலையே அல்பத்தில் இடையிடையே வைத்தார்கள். அவர் சொன்ன கதைகளிலிருந்து பாட்டுகள் பிறந்தன. ஆட்டுக்குட்டி, தேவதைகளின் தடம், ஸ்தனிஸ்லாஸ் அரசனின் குள்ளன் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. ஸ்தனிஸ்லாஸ், 18ஆம் நூற்றாண்டில் லொரேன் பகுதியை ஆண்ட முன்னாள் போலந்து அரசர். அவருடைய அரண்மனையில் நிக்கோலா ஃபெரி என்ற குள்ளர் இருந்தது வரலாறு. எமிலுக்கென்றே ஒரு போற்றிப் பாட்டும் இருக்கிறது. ஒரு கிழவரின் நாட்டுப்புறப் பேச்சும், அதை அடுத்து மின்கிட்டாரும் ஒரே தட்டில் சமமாக உட்கார்ந்திருப்பதைக் கேட்கும்போது, நம் லயக் குடியிருப்புகளில் கதை தெரிந்த பெரியவர்கள் யார் யார் என்று மனம் தேடத் தொடங்கும்.

இந்த அல்பத்தைக் கேட்கும்போது செய்யக்கூடாத சில காரியங்கள் உண்டு. பாட்டுகளைக் கலைத்துப் போடும் வசதியைக் கட்டாயம் நிறுத்திவிடுங்கள். ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததை மேலே ஏற்றிக் கலக்கும் வசதி சில செயலிகளில் உண்டு. அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் பாட்டுகளின் ஓரத்தில் இருக்கும் எமிலின் பேச்சு அடுத்த பாட்டின் ஓசைக்குள் மூழ்கிவிடும். மஞ்சு இறங்கியதும் சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடங்களில் நேரடியாக ஓடவிட்டால் ஒலித்தரம் தானாகக் குறையும், சில வேளை நடுவிலேயே நின்றும் போகும். முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதுதான் வழி. ஸ்டூடியோ அல்பம் ஒன்று சுமார் 40 நிமிடம். வினாடிக்கு 320 கிலோபிட் தரத்தில் நிமிடத்துக்கு 2.4 மெகாபைட் ஆகும். முழு அல்பத்துக்கு 100 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. 96 கிலோபிட் தரத்தில் 30 மெகாபைட்டுக்குள் அடங்கும், ஆனால் சிம்பல் தட்டும் ஓசையும் பேச்சில் ‘ச’ ஒலியும் கரகரக்கும். டேட்டா மிச்சம் பிடிக்க எண்ணினால் ஏழு அல்பத்தையும் மட்டமான தரத்தில் இறக்காமல், இரண்டை மட்டும் நல்ல தரத்தில் இறக்குங்கள்.

மழை நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே கேட்பதையும் தவிர்க்கலாம். தகரத்தில் விழும் மழை பல சுருதிகளிலும் பரவிய இரைச்சல். தணிந்த பேச்சையும் அக்கூஸ்டிக் கிட்டாரின் மெல்லிய மீட்டலையும் அது விழுங்கிவிடும். கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டி வைத்தால், அடுத்த நிமிடம் கிறிஸ்தியான் முழங்கும்போது காது வலிக்கும். இக்குழுவின் பாட்டில் தணிந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் இடையே தூரம் அதிகம், நாடகத்துக்கு அது வேண்டும். காதை முழுதாக மூடும் ஹெட்போன் நல்லது. ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட புளூடூத் பெட்டியில் இடம், வலம் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் ஓர்கனும் கிட்டாரும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மங்கும். ஈக்குவலைசரில் பேஸைக் கூட்டி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதைச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆஞ்ஜ் பாட்டின் உயிர் பேச்சொலி இருக்கும் நடுப்பகுதியில் இருக்கிறது. பேஸ் ஏறினால் முதலில் அடிபடுவது குரல்தான்.

பாட்டு வரிகளைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிறிஸ்தியான் சொல் விளையாட்டுக்காரர். ஓசை ஒத்த சொற்களை இடம் மாற்றி வைப்பவர். செயலி அதை நேர்ப்பொருளில் எடுத்து ஒரு பிதற்றலைக் கையில் தரும். வரிவரியாகப் போகாமல், பாட்டின் தலைப்பையும் பாத்திரங்களையும் மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, குரல் மாறும் நிமிடத்தை எதிரே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை கேட்கும்போது யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பது தெளிந்துவிடும். பாரிஸில் தமிழர்கள் கூடும் லா ஷப்பல் பக்கம் உறவுக்காரர் இருந்தால், அங்கே படித்து வளர்ந்த பிள்ளைகளிடம் அந்தத் தாளை அனுப்பிக் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு அந்தச் சொல் விளையாட்டில் பாதியாவது பிடிபடும்.

அடுத்ததாக ‘ஓ-தெலா தியு தெலீர்’. இது மத்திய காலத்துக் குடியானவன் கொதெவேனின் பெயரோடு தொடங்குகிறது. ஒரு குடியானவனை ஒரு ரொக் அல்பத்தின் வாசலில் நிறுத்தியது சின்ன விஷயமா? கடைசிப் பாட்டு சுமார் ஒன்பது நிமிடம். அக்கூஸ்டிக் கிட்டாரோடு கிராமத்துப் பாட்டாகத் தொடங்கி, பிரெஸோவாரின் நீண்ட மின்கிட்டார் வாசிப்பில் போய் முடிகிறது. அவசரக்காரர்கள் தொடக்கத்தைத் தாண்டி கிட்டாருக்கு ஓடுவார்கள். அப்படி ஓடினால் அந்தக் கிட்டார் வெறும் கிட்டார். முன்னால் வந்த பாட்டுகளின் பாரம் முழுவதும் சேர்ந்தால்தான் அது அழும். முழு அல்பத்தையும் ஒரே இருப்பில் கேட்க முடிகிற நாளில் மட்டும் இதை எடுங்கள்.

மூன்றாவது ‘பார் லெ ஃபீஸ் த மாந்த்ரேன்’. லூயி மாந்த்ரேன் உண்மை மனிதர். அரசனுக்காக வரி வசூலிக்கும் குத்தகைக்காரர்களுக்கு எதிராகப் புகையிலையும் துணியும் கடத்தி விற்றவர். 1755 மே 26ஆம் திகதி வலான்ஸ் நகரில் சக்கரத்தில் கட்டி எலும்பு முறித்துக் கொல்லப்பட்டார். வரிக்காரரை எதிர்த்தவர் என்பதால் குடியானவர்கள் அவரைப் பாட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். மதுரை வீரனைக் கும்பிடுகிற தோட்டங்களில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. இந்த அல்பத்தை ஆஞ்ஜ் ஆங்கிலத்திலும் பாடிப் பதிவுசெய்தது. கதை புரிய வேண்டும் என்று ஆங்கிலப் பதிப்பில் தொடங்காதீர்கள். கிறிஸ்தியானின் குரலில் உள்ள கூர்மை பிரெஞ்சு உச்சரிப்போடு பிறந்தது, ஆங்கிலத்தில் அது மழுங்கிவிடுகிறது. பிரெஞ்சில் கேட்டு மனதில் பதிந்தபின் ஆங்கிலத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மேடைப் பதிவான ‘தோம் சீஸ்’ இந்த மூன்றுக்கும் பிறகுதான். பாட்டுகள் நீண்டு போகும். ஸ்டூடியோ வடிவம் தெரியாதவருக்கு எங்கே புதிதாகச் சேர்த்தார்கள் என்பது தெரியாது. ‘கெத்தாப்பான்’ அல்பத்தில் பிரெஸோவார் இல்லை. ஆனாலும் 13 நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘கப்பித்தேன் கேர் த மியேல்’ என்ற இறுதிப் பாட்டுக்காகவே அதை வைத்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு முதல் அல்பம் கரடுமுரடானது. கடைசியில் கேட்டால் எங்கிருந்து வந்தார்கள் என்பது விளங்கும். எண்பதுகளின் அல்பங்களை அவசரமாகத் தேட வேண்டாம். 1995இல் பழைய அணியினர் சேர்ந்து பிரியாவிடைச் சுற்றுப்பயணம் நடத்தினார்கள். அதன்பின் கிறிஸ்தியான் தன் மகன் திரிஸ்தானோடு குழுவை மறுபடி நடத்தினார். 2014இல் ‘எமில் ஜாக்கொத்தே’யைப் புதிதாக வாசித்து வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு கழித்தும் அந்தக் கொல்லரிடமே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, நம் பெரியவர்களின் குரலையும் பதிவுசெய்ய வேண்டும் என்று எழும்பும் இளைஞர்கள் இருந்தால், அவர்களுக்கும் சில குறிப்புகள். கூத்து நடக்கும் இரவில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் பதிவுசெய்வது நினைவுக்கு உதவும். பின்னர் இசையில் சேர்க்க உதவாது. தப்பு அடிக்கும் கணத்தில் கைபேசி தானாக ஒலிமட்டத்தைக் கீழே இழுக்கிறது, அடி ஓய்ந்ததும் மெல்ல மேலே ஏற்றுகிறது. கூத்து வாத்தியாரின் குரல் அமிழ்ந்து அமிழ்ந்து எழும்பும். பிறகு எந்தச் செயலியாலும் அதை முழுமையாகச் சீர்படுத்த முடியாது. குரலைத் தனியாக, வேறொரு நாளில், வீட்டுக்குள் பதிவுசெய்யுங்கள். மழை இல்லாத நேரம், கதவு சாத்திய அறை, சுவரோரம் தொங்கவிட்ட இரண்டு கம்பளி போதும். கைபேசியைச் சட்டைப் பையில் வைக்காமல், மேசையில் மடித்த துணியின்மேல், வாயிலிருந்து ஒரு முழத்துக்குக் குறைவான தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ ஒலிக்குக் காற்று அடித்துப் பொட்டென்று வெடிக்கும். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், அழைப்பு வந்து பதிவை நிறுத்தாது. சுருக்கப்படாத வேவ் வடிவில், 48 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், மோனோவாக எடுத்தால் நிமிடத்துக்கு 6 மெகாபைட்டுக்கும் குறைவு; ஒரு மணி நேரத்துக்கு 350 மெகாபைட் அளவில் முடியும்.

தொடக்கத்தில் பெரியவரின் பெயர், தோட்டம், பிரிவு, திகதி ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லவைத்து, பேச்சுக்கு முன்னும் பின்னும் பத்து வினாடி மௌனம் விடுங்கள். அறையின் இரைச்சலைப் பின்னர் நீக்க அந்த மௌனம் வேண்டும். பாட்டை மட்டும் கேட்காமல் கதையையும் பேச்சாகச் சொல்லச் சொல்லுங்கள். மறந்த இடத்தில் குறுக்கிடாமல் காத்திருங்கள். எதற்காகப் பதிவுசெய்கிறோம், எங்கே ஒலிக்கும் என்பதைச் சொல்லி அவருடைய சம்மதத்தையும் அதே பதிவில் எடுத்துக்கொள்ளுங்கள்; அல்லாவிட்டால் பின்னர் குடும்பத்தாருக்கு மனக்கசப்பு வரும், நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கும். கோப்பின் பிரதி இரண்டு இடங்களில் இருக்கட்டும். கைபேசி தண்ணீரில் விழுந்தால் குரலும் அதோடு போகும்.

தப்பையும் உறுமியையும் அடுத்த நாள் வெளியில், வாசிப்பவரிடமிருந்து ஐந்தாறு அடி தள்ளி நின்று தனியே எடுக்கலாம். தப்பைச் சூடு காட்டி இறுக்கிய உடனேயே எடுங்கள். குளிர் ஏறிய தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். ஒரு மணித்தியாலம் இழுத்தடித்தால் முதல் அடியும் கடைசி அடியும் கிட்டாரோடு ஒன்றாகச் சேரா.

தங்கள் ஞாயிறு இதழின் கலைப்பக்கத்தில் வாரம் ஒரு பாட்டாக, ‘எமில் ஜாக்கொத்தே’ அல்பத்தின் கதைச் சுருக்கத்தைத் தமிழில் வெளியிட இடம் ஒதுக்கித் தர வேண்டுகிறோம். வரிகளை அப்படியே மொழிபெயர்த்தால் உரிமைச் சிக்கல் வரும் என்பதை அறிவோம். ஆகவே கதையும் பாத்திரங்களும் குரல் மாறும் இடங்களும் மட்டும், ஒரு பாட்டுக்கு 150 சொற்களுக்கு மேற்படாமல் எழுதித் தருவோம். பக்கத்தில் இடமிருந்தால், அதற்கு எதிரே ஒவ்வொரு தோட்டத்திலும் கூத்து தெரிந்த பெரியவர் ஒருவர் சொன்ன கதையையும் அவர் சொன்ன பேச்சிலேயே அச்சிடலாம்.

இப்படிக்கு,
இசைப் பிரியர்கள் சிலர்,
ஹட்டன்